பெரட்டுக்கு வராத நொதியங்கள்

டீ மேக்கர் வேலை மூக்கால் செய்கிற வேலை. அதற்குள் கணக்கு வந்து புகுந்தால் மூக்குக்கும் மதிப்பில்லை, மூக்கு வைத்திருக்கிற ஆளுக்கும் மதிப்பில்லை. ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் இருந்தவனை யாரோ கூப்பிட்டார்கள் என்று திரும்ப வேலைக்குப் போய், புது மெஷினுக்கு முன்னால் முழித்துக்கொண்டு நின்றவர்கள் உங்களில் பல பேர் இருப்பீர்கள். உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

மூக்கு போதாது

திம்புள்ள பக்கம் பாதி, டிக்கோயா பக்கம் பாதி என்று நாற்பது வருடத்துக்கு மேல் தேயிலைத் தொழிற்சாலைகளில் கழித்தவன் நான். ஹட்டனில் கடை வைத்திருக்கும் ஒரு முதலாளி மஸ்கெலியா ரோட்டில் சின்னத் தொழிற்சாலை ஒன்றை வாங்கினார். கொஞ்சமாகச் செய்வது, நன்றாகச் செய்வது, வெளிநாட்டுக்கு அனுப்புவது. அதுதான் திட்டம். என்னை வரச் சொன்னார். போனேன். மூலையில் ஓர் அறைக்கு வெள்ளையடித்து வைத்திருந்தார்கள். உள்ளே ஒரு தராசு, ஒரு உரல், நிறம் அளக்கிற ஒரு பெட்டி. பெட்டிக்குப் பக்கத்தில் பர்சானா மிஸ். ஹட்டன் பிள்ளை, ரசாயனம் படித்துப் பட்டம் வாங்கியவர். அவர் என்னை அங்கிள் என்பார். நான் அவரை மிஸ் என்பேன். வயதுக்கு இது சரியா என்று கேட்காதீர்கள். அந்த அறைக்குள் அவர்தான் பெரியவர்.

பச்சைக் கொழுந்தைக் கசக்கினால் கொஞ்ச நேரத்தில் செம்பு நிறமாகும். அதைச் செய்வது கொழுந்துக்குள் இருக்கிற நொதியம், அதாவது என்சைம். பெயர் தெரியாமலே நாற்பது வருடம் அதோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன். அது குறைந்தால் தேயிலை பச்சை நாற்றம் அடிக்கும். எந்த மலைக் கொழுந்தில் அது எவ்வளவு செறிவாக இருக்கிறது என்று முதலாளிக்குத் தெரிய வேண்டுமாம். எங்களுக்குக் கொழுந்து வருவது இரண்டு இடத்தில் இருந்து. கீழ் டிவிசன் தோட்டத்துக் கொழுந்து. மேல் டிவிசனில் தோட்டம் ஒரு துண்டு மலையைப் பதினொரு பெண்களுக்குப் பிரித்துக் கொடுத்திருந்தது. அவர்களுக்குத் தலைவி ராசம்மா. ஐம்பதைத் தாண்டியவள். அந்த ஏற்றத்துக்குப் போகிற லொறி எங்கள் லொறி ஒன்றுதான். நாங்கள் எடுக்காவிட்டால் அவர்கள் கொழுந்தைக் கொடுக்க வேறு இடமில்லை. கொழுந்து பறிக்காமல் விட்டால் தோட்டம் மலையைத் திருப்பி எடுத்துக்கொள்ளும். ஒப்பந்தம் அப்படி.

முதலாளி சட்டம் போட்டார். ஒரு மாதம், வாரத்துக்கு ஒரு சோதனை, மொத்தம் நாலு. நொதியச் செறிவு ஒன்று தசம் நாலுக்குக் குறையக் கூடாது. மூன்று தடவை குறைந்தால் லொறி மேலே போகாது. நான் சொன்னேன், அந்தக் கொழுந்தை மோந்து பார்த்தேன், நல்ல கொழுந்து, இந்தக் கூத்தெல்லாம் வேண்டாம் என்று. அவர் கோபப்படவில்லை.

“உங்க மூக்கு சொல்றத தசம் போட்டு எழுத முடியுமா மேக்கர்? முடியும்னா சொல்லுங்க, பெட்டிய நாளைக்கே வித்துர்றேன்.”

பெரட்டு

என் வேலை இவ்வளவுதான். ஐந்து கிராம் கொழுந்து நிறுக்க வேண்டும். ஐஸ் மேல் வைத்த உரலில் போட்டு, மிஸ் கலக்கி வைத்திருக்கிற குளிர்ந்த நீரில் ஐம்பது மில்லி ஊற்றி அரைத்து, வடிகட்டிச் சாற்றைக் கொடுக்க வேண்டும். மிஸ் அதில் ஒரு சொட்டுப் போல எடுத்து, ஒரு மருந்துக்குள் விட்டு, பெட்டிக்குள் வைப்பார். நொதியம் மருந்தைப் பிடித்து நிறமாக்கும். நிமிடத்துக்கு நிமிடம் நிறம் ஏறும். அது ஏறுகிற வேகத்தில் இருந்து நொதியம் எவ்வளவு என்று கணக்கு. உச்ச வேகத்தை, ஒரு நொதியம் ஒரு விநாடியில் செய்கிற வேலையால் வகுத்தால் செறிவு. மிஸ் இதை எனக்கு மூன்று தடவை சொன்னார். ஒரு நொதியம் விநாடிக்கு எத்தனை தடவை வேலை செய்யும் என்று கேட்டேன். நூறு என்றார். யார் பார்த்தது என்று கேட்டேன். மிஸ் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

கொழுந்து கொண்டுவந்த ராசம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். மழைக்குத் தலையில் போட்டிருந்த படங்குத் துணியில் இருந்து தண்ணீர் சொட்டியது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே இருந்தவள் வாயைத் திறந்தாள். விடிந்ததும் பெரட்டுக்களத்தில் வரிசையாக நிற்கவைத்துத் தலையை எண்ணிப் பெயர் போடுவார்கள். அது சுலபம். மலையில் மூடுபனி இறங்கிவிட்டால் ஒரு தலையும் தெரியாது. அப்போது எப்படி எண்ணுவது? சாயந்திரம் நானூறு கிலோ கொழுந்து இறங்குகிறது. ஒருத்தி இருபது கிலோ எடுப்பாள். அப்படியானால் மலையில் இருபது பேர். இந்த நொதியமும் அப்படித்தானே என்று கேட்டாள். மிஸ் அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் கணக்கு அன்றைக்குப் புரிந்தது. மறுநாள் காலையில் மறந்துவிட்டது.

“பெரட்டுக்கு வராதவங்கள கொழுந்த வச்சுப் புடிக்கிறீங்க. இதுக்கு ஏன் ஐயா இவ்வளவு கண்ணாடிச் சாமான்?”

எழுபத்திரண்டு

முதல் வாரம் அடை மழை. மிஸ் அளவெல்லாம் எடுத்து வைத்துவிட்டு, நுவரெலியாவில் ஒரு கல்யாணம் என்று கிளம்பிப் போனார். போகும்போது ஒரு தாளில் கணக்கை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். இதைப் போட்டு வைங்க அங்கிள், ஒன்றும் கஷ்டமில்லை என்றார். கஷ்டமில்லை என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். மேல் டிவிசன் வேகம் இருநூற்று நாற்பது. அதை நூறால் வகுத்தேன். இரண்டு தசம் நாலு. சாறு பெட்டிக்குள் போகும்போது முப்பது மடங்கு மருந்தில் கரைந்து போகிறது, அதனால் முப்பதால் பெருக்கச் சொல்லியிருந்தார். பெருக்கினேன். எழுபத்திரண்டு. வேண்டியது ஒன்று தசம் நாலு. வந்தது எழுபத்திரண்டு. இரண்டு தரம் சரி பார்த்தேன். எழுபத்திரண்டுதான். எனக்கு அந்தக் கொழுந்தின் மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது. மூக்கு பொய் சொல்லாது என்று நினைத்துக்கொண்டு ராசம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் போய்ப் பத்துப் பேரிடம் சொன்னாள். அடுத்த நாள் லொறியில் கொழுந்தோடு சேர்த்து, பேப்பரில் சுற்றிய உளுந்து வடை வந்தது. சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை மிஸ் வந்து தாளைப் பார்த்தார். நொதியம் நூறு தடவை வேலை செய்வது விநாடிக்கு. பெட்டி காட்டுகிற வேகம் நிமிடத்துக்கு. நிமிடத்தை விநாடியாக்க அறுபதால் வகுக்க வேண்டும். நான் வகுக்கவில்லை. எழுபத்திரண்டை அறுபதால் வகுத்தால் ஒன்று தசம் இரண்டு. குறைவு. நாலில் ஒன்று போய்விட்டது. மிஸ் தானே போய்ச் சொல்வதாகச் சொன்னார். வடை தின்றது நான், நான்தான் சொல்ல வேண்டும் என்றேன். மடுவத்தில் வைத்துச் சொன்னேன். கொழுந்து நிறுக்கிற கொட்டகைக்கு இங்கே மடுவம் என்றுதான் பெயர். ராசம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு நிதானமாகக் கேட்டாள்.

“வெள்ளிக்கெழம எழுபத்திரண்டு பேரு நின்ன மலையில இன்னைக்கு ஒரு ஆளும் கொஞ்சமும் தான் நிக்கிதுன்னா, மத்தவங்கெல்லாம் எங்க ஐயா போனாங்க?”

வெயில் அடித்த வாரம்

இரண்டாம் வாரம் மூடுபனி விலகி வெயில் வந்தது. மேல் டிவிசனுக்கு வெயில் வருவதே விருந்தாளி வருவது மாதிரி. கொழுந்து காய்ந்து மொரமொர என்று வந்தது. அளந்தோம். இந்தத் தடவை அறுபதால் வகுத்தேன், ஞாபகமாக வகுத்தேன். அந்த ஞாபகத்தில் முப்பதால் பெருக்க மறந்தேன். சுழியம் தசம் சுழியம் ஐந்து என்று வந்தது. மிஸ் தாளை வாங்கி முப்பதால் பெருக்கினார். ஒன்று தசம் ஐந்து. தப்பித்தார்கள்.

சரி, தப்பித்தார்கள். ஆனால் எப்படி? அதே மலை, அதே செடி, எடுத்ததும் அதே கைகள். போன வாரம் ஒன்று தசம் இரண்டு, இந்த வாரம் ஒன்று தசம் ஐந்து. மடுவத்தில் பரப்பி ஈரம் உலர்ந்த பிறகே வருகிற கீழ் டிவிசன் கொழுந்து ஆடாமல் அசையாமல் ஒன்று தசம் ஐந்தில் நிற்கிறது. வெயில் பட்டால் நொதியம் கூடுமோ என்று மிஸ் நினைத்தார். ஒரே வாரத்தில் அப்படிக் கூடாது, நான் பார்த்த வரையில் இல்லை என்றேன். முற்றின கொழுந்தாக இருக்குமோ என்று நான் நினைத்தேன். இரண்டு வாரக் கொழுந்தையும் பரப்பிப் பார்த்த மிஸ், இல்லை என்றார். முதலாளி வந்து, அதிர்ஷ்டம் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் கணக்கைத் தலைகீழாகவும் போட்டுப் பார்த்தேன். பிறகு கேட்டேன், மிஸ், உங்களுக்காவது புரிகிறதா என்று.

“புரியல அங்கிள். ஆனா எனக்குப் புரியலன்னு முதலாளிகிட்ட சொல்லிறாதீங்க, உங்களுக்குத்தான் புரியலன்னு அவரு நெனச்சுக்கிட்டு இருக்காரு.”

மொட்டை மலை

அதற்கு இரண்டு நாள் கழித்துக் கீழ் டிவிசன் கொழுந்தை ஒரு தடவை பார்த்தோம். சுழியம் தசம் ஒன்பது. முதலாளி பதறிப்போனார். தோட்டத்துக் கொழுந்து, வேண்டாம் என்று சொல்ல முடியாத கொழுந்து. விசாரித்தால் விஷயம் இது. மருந்துப் போத்தல் சீக்கிரம் முடிகிறது என்று அவரே அதில் தண்ணீர் கலந்திருக்கிறார். மிஸ்ஸுக்குத் தெரியாது. நொதியம் உச்ச வேகத்தில் ஓட வேண்டுமானால் மருந்து தேவைக்கு மேல் கிடக்க வேண்டும். அப்போதுதான் அந்த வகுத்தல் கணக்கு பொருந்தும். மருந்து பற்றாக்குறையானால் வேகம் குறையும், ஆள் குறைவென்று கணக்கு பொய் சொல்லும்.

இது மட்டும் எனக்குச் சட்டென்று புரிந்தது. வரட்சிக் காலத்தில் இருபது பேர் மலையேறி நூறு கிலோவோடு இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். கொழுந்தை வைத்து எண்ணினால் ஐந்து பேர். மற்ற பதினைந்து பேர் என்ன, படுத்துத் தூங்கினார்களா? மலை மொட்டை. நான் இதைச் சொன்னதும் முதலாளி தலையாட்டினார். நல்ல மருந்து போட்டுக் கீழ் டிவிசனுக்கு அன்றைக்கே மறுசோதனை செய்யச் சொன்னார். ஒன்று தசம் ஐந்து வந்தது. சுழியம் தசம் ஒன்பதை அவரே பேனாவால் அடித்தார். மேல் டிவிசனுக்கும் மறுசோதனை உண்டா என்று கேட்டேன். கதவு வரை போனவர் நின்றார்.

“மேக்கர், உங்கள கணக்குப் போடத்தான் கூப்பிட்டேன், கேள்வி கேக்க இல்ல.”

பிளாஸ்க்

மூன்றாம் வாரம் மறுபடியும் மழை. ராசம்மாவுக்குக் காய்ச்சல். சோதனைக் கொழுந்தை லெட்சுமி என்கிறவள் கொண்டுவந்தாள். பையில் இல்லை, கூடையில் இல்லை. பிளாஸ்க்கில். காலைத் தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, சூடு ஆறாத பிளாஸ்க்குக்குள் கொழுந்தைத் திணித்து, மூடியை இறுக்கி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். மூடியைத் திறந்தேன். வெந்த கீரை வாசம். இது செத்துப்போச்சு மிஸ் என்றேன். சோதித்துப் பார்க்காமல் அப்படிச் சொல்லக் கூடாது என்றார் மிஸ். சோதித்தார். பெட்டி நகரவே இல்லை. சுழியம். சூட்டில் நொதியம் கெட்டுவிடும். கொழுந்துக்குள் கிடக்கும், ஆனால் வேலை செய்யாது. வேலை செய்யாததை இந்தக் கணக்கு எண்ணாது. அன்றைக்கு ஒரு நாள்தான் என் மூக்கும் பெட்டியும் ஒத்துப்போனது.

முதலாளி சுழியம் என்று எழுதப் போனார். நான் பேனாவைப் பிடித்தேன். கீழ் டிவிசனுக்கு மறுசோதனை செய்தீர்கள், இவர்களுக்கும் செய்யுங்கள் என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்றார். மத்தியானம் புதுக் கொழுந்து வந்தது, தண்ணீர் ஒழுக ஒழுக. நானே நிறுத்தேன், நானே அரைத்தேன். ஒன்று தசம் இரண்டு. மறுபடியும் அதே ஒன்று தசம் இரண்டு. இன்னும் ஒரு தடவை குறைந்தால் லொறி நிற்கும். ஆத்திரத்தில் லெட்சுமியைப் பிடித்து, பிளாஸ்க்கில் போடச் சொன்னது யார் என்று சத்தம் போட்டேன். அவள் பயந்துபோய்ச் சொன்னாள். நனைந்த கொழுந்துக்கு மடுவத்தில் தண்ணிக் கழிவு என்று எடையைக் குறைப்பது உங்களுக்குத் தெரியும். அந்தப் பயம். இங்கே அந்தப் பழக்கமெல்லாம் கிடையாது, இது சோதனை அறை என்று அதட்டி அனுப்பினேன். நல்ல மிடுக்காகத்தான் அதட்டினேன்.

“நனைஞ்சா கழிவு புடிப்பீங்கன்னு தான் ஐயா பிளாஸ்க்குல போட்டேன், இல்லாட்டி எனக்கென்ன பைத்தியமா?”

இரண்டு கொழுந்து

நாலாம் வாரம். லொறி பகலிலேயே விளக்குப் போட்டுக்கொண்டு வந்தது. அவ்வளவு மூடுபனி. ராசம்மா தானே கொழுந்தோடு வந்திருந்தாள். காய்ச்சல் விட்டு எழுந்த முகம். இன்றைக்குக் குறைந்தால் பதினொரு பேருக்கும் மலை போய்விடும் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வாசலில் நிற்க வேண்டாம், உள்ளே வாங்க என்று மிஸ் கூப்பிட்டார். தராசுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். எனக்குப் பக்கத்தில் ஆள் நின்றால் பிடிக்காது. தட்டில் தாளை வைத்து, ஈரக் கொழுந்தை ஒவ்வொன்றாகப் போட்டேன். ஐந்து கிராம் வந்தது. குறித்துக்கொண்டேன். தாளோடு தூக்கி உரலுக்குக் கொண்டுபோனேன்.

“ஐயா, ஒரு நிமிசம்.”

“என்ன?”

“அந்த ரெண்டு கொழுந்து எதுக்கு?”

“எந்த ரெண்டு?”

அவள் தராசின் ஓரத்தைக் காட்டினாள். மேசை மேல் இரண்டு கொழுந்து கிடந்தது. நான் வைக்கவில்லை என்றேன். நீங்கதான் வச்சீங்க ஐயா, நிறுத்து முடித்ததும் எடுத்து ஓரமாக வச்சீங்க என்றாள். எனக்கு அப்படி ஒரு ஞாபகமே இல்லை. மிஸ் என் கையில் இருந்து தாளை வாங்கி மறுபடி தராசில் வைத்தார். நாலு கிராம். அந்த இரண்டு கொழுந்தையும் எடுத்து மேலே வைத்தார். ஐந்து.

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். இருபது வயதில் என் முதல் வேலை திம்புள்ளயில் ஒரு மடுவத்தில். கொழுந்து நிறுக்கிற வேலை. நனைந்த கொழுந்து வந்தால் தண்ணிக் கழிவு என்று ஒவ்வொரு கூடையில் இருந்தும் ஒரு பிடி எடுத்து ஓரமாகப் போட வேண்டும். துரை சொன்னது. ஐந்து வருடம் செய்தேன். அதற்குப் பிறகு டீ மேக்கர் ஆகி, கல்யாணம் முடித்து, பிள்ளைகளைப் படிக்க வைத்து, தலை நரைத்து, எல்லாம் ஆயிற்று. கை மட்டும் இன்னும் அந்த மடுவத்தில் நிற்கிறது. ஈரம் பட்டால் எடுக்கிறது. காய்ந்த கொழுந்து என்றால் சும்மா இருக்கிறது. வெயில் அடித்த வாரம் மட்டும் கணக்கு ஏன் சரியாக வந்தது என்பது இப்போது மிஸ்ஸுக்கும் புரிந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. அதற்கு நன்றி. இன்னொன்றும் சொன்னார். ஈரக் கொழுந்தில் தண்ணீரும் சேர்ந்து நிற்பதால், ஐந்து கிராம் கொழுந்து வேண்டுமானால் இன்னும் கொஞ்சம் போடத்தான் வேண்டும், எடுக்கக் கூடாது என்றார். அது எனக்குத் தெரியாதா? தெரியும். என் கைக்குத் தெரியாது. கழிவு என்றால் அது எடுக்கத்தான் பழகியிருக்கிறது, போடப் பழகவில்லை.

கொழுந்தைத் துணியில் ஒற்றி எடுத்து, முழு ஐந்து கிராம் மிஸ் நிறுத்தார். நான் அரைத்தேன். வேகம் நிமிடத்துக்கு முந்நூறு. அறுபதால் வகுத்தேன், ஐந்து. நூறால் வகுத்தேன், சுழியம் தசம் சுழியம் ஐந்து. முப்பதால் பெருக்கினேன். ஒன்று தசம் ஐந்து. மூன்று பேரும் தாளைப் பார்த்துக்கொண்டு நின்றோம். தராசில் நம்பர் ஒளிர்ந்துகொண்டிருக்கும்போது கையை எப்படிக் கவனித்தாய் என்று ராசம்மாவைக் கேட்டேன்.

“நான் நம்பரப் பாக்குறதில்ல ஐயா. முப்பத்தஞ்சு வருசமா நிறுக்கிறவங்க கையத்தான் பாத்துக்கிட்டு நிக்கிறேன்.”

அடித்த பேனா

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். இரண்டு தடவை குறைவு, இரண்டு தடவை சரி. சட்டப்படி லொறி போகும். நான் வாயைத் திறக்கத் தேவையில்லை. மிஸ்ஸும் பார்வையால் அதையே சொன்னார். ஆனால் முதலாளி தாளைப் பார்த்துவிட்டு ஒரு யோசனை சொன்னார். இந்தக் கொழுந்து ஒரு வாரம் ஏறுகிறது, ஒரு வாரம் இறங்குகிறது. நம்ப முடியாது. இனி வெயில் அடிக்கிற நாளில் மட்டும் லொறி மேலே போகட்டும் என்றார். மேல் டிவிசனில் வெயில் அடிக்கிற நாள் மாதத்தில் எத்தனை என்று அந்த மலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்த நாளுக்குக் காத்திருந்தால் கொழுந்து முற்றிவிடும். மலை தோட்டத்துக்குப் போய்விடும். ராசம்மா வாசலில் நின்றாள். என் கையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அதைச் சட்டைப் பைக்குள் விட்டேன்.

குறைந்தது கொழுந்து இல்லை, குறைத்தது நான் என்றேன். இரண்டு வாரமும் ஐந்து கிராம் என்று எழுதி நாலு கிராம்தான் அரைத்திருக்கிறேன் என்றேன். ஏன் என்றார். ஈரமாக இருந்தது என்றேன். அவருக்குப் புரியவில்லை. திரும்பத் திரும்பச் சொன்னேன். கொழுந்தைப் போட்டுக் காட்டினேன். இரண்டை எடுத்துக் காட்டினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமாக நான் பேசியது அன்றைக்குத்தான். கடைசியில் அவருக்குப் புரிந்தது. பேனாவை எடுத்து, இரண்டு வாரத்து ஒன்று தசம் இரண்டையும் அடித்தார். லொறி எல்லா நாளும் போகும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். என்னை வேலையை விட்டுப் போகச் சொல்வார் என்று குடையைத் தேடி வைத்திருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ஆக மொத்தம், இந்த மாசம் பூரா உங்ககிட்ட சரியா வேலை செஞ்சது அந்த மூக்கு மட்டுந்தான் மேக்கர்.”

இப்போது வாரத்துக்கு ஒருத்தியாகப் பதினொரு பேரும் முறை வைத்து வந்து என் பக்கத்தில் நிற்கிறார்கள், நானும் வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு இடது கையால் நிறுக்கிறேன், கணக்கு தவறாமல் ஒன்று தசம் ஐந்து வருகிறது, அறுபதும் முப்பதும் அதில் எந்த இடத்தில் வரும் என்பதுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.